காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு உண்டா? வீட்டில் சோப்பு செய்ய நினைப்பவர்களுக்கு

"கெமிக்கலே இல்லாத ஹோம்மேட் சோப்பு" என்று எழுதி ஒட்டி விற்கிறார்கள். அதை வாங்கித் தேய்த்துப் பார்த்தவர்கள், நாமும் வீட்டிலேயே செய்து பார்ப்போமே என்று தேங்காய் எண்ணெயையும் குப்பைமேனிச் சாற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். செய்முறையில் காஸ்டிக் சோடா என்ற பெயர் வந்ததும் திகைத்துப் போகிறார்கள். சிலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள், சிலர் பயந்துகொண்டு பாதி அளவு போடுகிறார்கள், சிலர் அதற்குப் பதிலாக ஆப்ப சோடாவைப் போட்டுவிட்டு ஏன் கட்டியாகவில்லை என்று கேட்கிறார்கள். இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் கவலைப்பட வேண்டிய வகை: "ரெண்டு ஸ்பூன் போட்டால் போதும்" என்று யாரோ சொன்னதை நம்பிக் கண்ணளவில் அள்ளிப் போடுவது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காஸ்டிக் சோடா இல்லாமல் எண்ணெயில் செய்யும் குளியல் சோப்புக் கட்டி கிடையாது. நீங்கள் ஆசையாக வாங்கும் ஆட்டுப்பால் சோப்பு, நலங்கு மாவு சோப்பு, கற்றாழை சோப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அதே சமயம், சரியாக அளந்து செய்த சோப்பில் காஸ்டிக் சோடா மிச்சம் இருக்காது. இந்த இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாகும் என்று புரிந்துவிட்டால் பயமும் போய்விடும், அலட்சியமும் போய்விடும்.

குக்கரில் சோறு வைக்கும் கணக்கு

பச்சரிசிக்கு ஒரு அளவு தண்ணீர், புழுங்கலரிசிக்கு வேறு அளவு. அதே புழுங்கல் பழைய அரிசியாக இருந்தால் இன்னும் அரை டம்ளர் கூடப் பிடிக்கும். சரியாக வைத்தால் குக்கரைத் திறக்கும்போது தண்ணீர் என்று தனியாக எதுவும் நிற்காது, எல்லாவற்றையும் அரிசி குடித்திருக்கும். கூடிப்போனால் குழையும், குறைந்தால் நறுக்கரிசியாக நிற்கும்.

சோப்பிலும் இதே கணக்குதான். ஒவ்வொரு எண்ணெயும் இவ்வளவு காஸ்டிக் சோடாவைத்தான் ஏற்றுக்கொள்ளும் என்று ஒரு அளவு இருக்கிறது. தேங்காய் எண்ணெய் அதிகம் ஏற்கும், ஆலிவ் எண்ணெய் குறைவாக ஏற்கும், விளக்கெண்ணெய் இன்னும் கொஞ்சம் குறைவு. ஏற்கும் அளவுக்குப் போட்டால் மிச்சம் நிற்காது, மீறினால் மிச்சம் நிற்கும். அந்த மிச்சம்தான் தோலைப் புண்ணாக்கும்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சோற்றுக்குள் போன தண்ணீர் தண்ணீராகவேதான் இருக்கிறது. சோப்பில் அப்படியில்லை. எண்ணெயும் எண்ணெயாக இருக்காது, காஸ்டிக் சோடாவும் காஸ்டிக் சோடாவாக இருக்காது, இரண்டும் சேர்ந்து வேறு பொருளாகிவிடும்.

உள்ளே உண்மையில் நடப்பது

காஸ்டிக் சோடாவின் வேதியியல் பெயர் சோடியம் ஹைட்ராக்சைடு. இது ஒரு வலுவான காரம், அதாவது அமிலத்துக்கு எதிர்க்குணம் கொண்ட பொருள். எண்ணெய் என்பது நாம் நினைப்பது போல ஒரே பொருள் அல்ல. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கிளிசரினில் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பு. கொழுப்பு அமிலம் என்றால் கரியும் ஹைட்ரஜனும் கோத்த நீளமான ஒரு சங்கிலி, அதன் ஒரு முனையில் அமிலக் குணம். தேங்காய் எண்ணெயில் இந்தச் சங்கிலிகள் பெரும்பாலும் குட்டையானவை, ஆலிவ் எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நீளமானவை. குட்டையாக இருந்தால் அதே எடைக்கு எண்ணிக்கை கூடும் அல்லவா? தேங்காய் எண்ணெய் அதிகக் காரம் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

காரம் வந்து சேர்ந்ததும் இந்த மூன்று ஒட்டுகளையும் வெட்டிவிடுகிறது. பிரிந்த ஒவ்வொரு கொழுப்பு அமிலத்தோடும் ஒரு சோடியம் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சேர்மத்துக்குப் பெயர்தான் சோப்பு. நடுவில் இருந்த கிளிசரின் தனியாகப் பிரிந்து அதே கட்டிக்குள் தங்கிவிடுகிறது. பள்ளிக்கூட வேதியியலில் சோப்பாக்குதல் வினை என்று படித்தது இதைத்தான். ஆலைகளில் இந்தக் கிளிசரினைப் பெரும்பாலும் பிரித்தெடுத்து வேறு உபயோகங்களுக்கு அனுப்புவார்கள். வீட்டு சோப்பில் அது உள்ளேயே இருக்கிறது. குளித்தபின் தோல் கொஞ்சம் மென்மையாக இருப்பதாகப் பலரும் சொல்வதற்கு அதற்கும் பங்கு உண்டு.

இப்படிப் பிறந்த சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறு முனை எண்ணெயை நாடும். உடம்பில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை ஒரு முனை பிடிக்க, மறு முனையைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போக, அழுக்கு போகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பும் கிளிசரினும் ஆகின்றன. காரம் மூலப்பொருள், செய்து முடித்த சோப்பில் அது இல்லை, ஆனால் அளவு மீறாமல் இருந்தால் மட்டும்.

மூன்று சோடாக்கள்

பெயர்க் குழப்பம் இங்கேதான் அதிகம். ஆப்ப சோடா சோடியம் பைகார்பனேட், மென்மையான காரம், மாவை உப்பவைக்கும். சலவை சோடா சோடியம் கார்பனேட், அதைவிட வலுவானது. காஸ்டிக் சோடா இரண்டையும் விடப் பல மடங்கு வலுவானது. எண்ணெயின் ஒட்டுகளை வீட்டுச் சூட்டில் ஒழுங்காக வெட்டும் வலு இதற்கு மட்டும்தான் இருக்கிறது. ஆப்ப சோடாவை எண்ணெயில் போட்டு எவ்வளவு நேரம் கடைந்தாலும் எண்ணெயும் சோடாவுமாகத்தான் இருக்கும்.

பழைய காலத்தில் சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்த காரநீரில் சோப்பு செய்தார்களே என்றால், செய்தார்கள்தான். அதில் இருப்பது பொட்டாசியம் சேர்ந்த காரம், அதனால் வந்தது கட்டிப்படாத குழைவான சோப்பு. அதைவிட முக்கியம், அந்தக் காரநீரின் வலு ஒவ்வொரு முறையும் மாறும், அளக்க வழியில்லை. இன்று தூய காஸ்டிக் சோடா கிராம் கணக்கில் கிடைக்கும்போது சாம்பல் தண்ணீரை "இயற்கை" என்று நாடுவது பாதுகாப்பைக் குறைத்துக்கொள்வதுதான்.

சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைக்கின்றனவே, அவற்றில் காஸ்டிக் சோடா இல்லையே என்பார்கள். உண்மைதான். அவற்றில் இருப்பது சபோனின் என்ற வேறொரு பொருள், செடி தானாகவே உண்டாக்குவது. அழுக்கை எடுக்கும், ஆனால் அது சோப்பு அல்ல. காஸ்டிக் சோடாவே வேண்டாம் என்பவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது சீயக்காயும் பச்சைப்பயற்று மாவும்தான், அவை நல்ல பொருட்கள்.

எவ்வளவு போடுவது?

ஒரு கிராம் எண்ணெய் முழுவதும் சோப்பாக எத்தனை கிராம் காரம் வேண்டுமோ அந்த எண்ணுக்குச் சோப்பாக்க எண் என்று பெயர். காஸ்டிக் சோடா கணக்கில் தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 0.183, ஆலிவ் எண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128.

முதல் முறை செய்பவர்களுக்கு ஒரு அளவு சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் 250 கிராம், ஆலிவ் எண்ணெய் 200 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், ஆக மொத்தம் 500 கிராம். ஒவ்வொன்றையும் அதன் எண்ணால் பெருக்கினால் 45.75, 26.8, 6.4 வரும், கூட்டினால் 78.95 கிராம். முழு எண்ணெயும் தீர இவ்வளவு காரம் வேண்டும்.

ஆனால் இவ்வளவும் போடக்கூடாது. 5 சதவீதம் குறைத்து 75 கிராம் போடுவோம். அப்படிக் குறைப்பதால் கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிச்சம் நிற்கும், காரம் மிச்சம் நிற்காது. இப்படி வேண்டுமென்றே எண்ணெயை மிச்சம் விடுவதைச் சூப்பர்ஃபேட் என்கிறார்கள். எடையில் ஒரு கிராம் முன்னே பின்னே ஆனாலும் தோலைக் காப்பாற்றுவது இதுதான். தண்ணீர் காரத்தைப் போல இரண்டு மடங்கு, 150 கிராம்.

இந்த அளவில் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டுக் காரத்தை அப்படியே வைத்துக்கொள்வது பலரும் செய்யும் காரியம். என்ன ஆகும் என்று பாருங்கள். 500 கிராமும் தேங்காய் எண்ணெய் என்றால், 5 சதவீதம் குறைத்தபின் 87 கிராம் காரம் வரும். 500 கிராமும் ஆலிவ் எண்ணெய் என்றால் அது முழுதாக ஏற்பதே 67 கிராம்தான். தேங்காய் எண்ணெய் கணக்கைப் பார்த்து ஆலிவ் எண்ணெயில் செய்தால் 20 கிராம் காஸ்டிக் சோடா கட்டிக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதைக் குழந்தை உடம்பில் தேய்ப்பதை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் மாறினால் கணக்கை மறுபடி போட்டே ஆகவேண்டும். இணையத்தில் இலவச சோப்புக் கால்குலேட்டர்கள் இருக்கின்றன, கையால் போட்ட கணக்கை அதிலும் ஒருமுறை சரிபாருங்கள்.

லிட்டரில் அளக்காதீர்கள்

சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டின் ஓரத்தைப் பார்த்தால் 1 லிட்டர் என்பதற்குப் பக்கத்திலேயே 910 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். எண்ணெய் தண்ணீரைவிட இலேசு. மேலே சொன்ன 500 கிராமை நீங்கள் 500 மில்லியாக அளந்தால் கையில் இருப்பது சுமார் 455 முதல் 460 கிராம்தான். அதற்கு முழுதாகத் தேவைப்படும் காரமே 72, 73 கிராம். நீங்கள் போட்டதோ 75. சூப்பர்ஃபேட் என்று விட்ட பாதுகாப்பு முழுதும் போய், அதற்கு மேலும் 2, 3 கிராம் காரம் மிச்சம். டம்ளர், ஸ்பூன் கணக்கு எல்லாம் இதைவிட மோசம், ஏனென்றால் காஸ்டிக் சோடா செதில் செதிலாக இருக்கும், ஒரு ஸ்பூன் இன்னொரு ஸ்பூனைப் போல நிற்காது.

ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். மூலிகை, அச்சு, வாசனை எல்லாம் அதற்குப் பிறகு வாங்கலாம். 500 கிராம் எண்ணெய்க்குக் கீழே போகவும் வேண்டாம், அளவு சிறுத்தால் ஒரு கிராம் பிழை பெரிய பிழையாகிவிடும்.

சுருக்கமாக, சோப்பு மென்மையாக வருவது பெரும்பாலும் கணக்காலும் எடையாலும்தான். எந்த மூலிகையும் தவறான கணக்கைச் சரிசெய்யாது.

மூலிகை, பால், எலுமிச்சை

குப்பைமேனியோ வேப்பிலையோ சேர்க்கலாம், தப்பில்லை. ஆனால் புதிதாகக் கலந்த சோப்புக் கலவை கடும் காரத்தன்மை கொண்டது, சூடும் ஏறும். இலையின் பச்சை நாளாக ஆகப் பழுப்பாகிவிடும், செம்பருத்தியின் சிவப்பும் நிற்காது. நுட்பமான சத்துகள் பலவும் அதில் தாக்குப்பிடிப்பதில்லை. தாக்குப்பிடித்தாலும் ஒரு நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும். தோல் நோய்க்குச் சோப்பை மருந்தாக நம்பாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

பால் சேர்ப்பதாக இருந்தால் உறையவைத்துக் கட்டியாக்கிக்கொண்டு, அதன்மேல் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவவேண்டும். இல்லாவிட்டால் பாலில் உள்ள சர்க்கரை சூட்டில் கருகிப் பழுப்பாகும். எலுமிச்சைச் சாறு விட்டால் சோப்பு மென்மையாகும் என்பதும் பாதிதான் சரி. அதிலுள்ள அமிலம் காரத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது, அந்த அளவுக்கு எண்ணெய் சோப்பாகாமல் நிற்கிறது, அவ்வளவே. வாசனைத் தைலம் மொத்த எண்ணெயில் 3 சதவீதத்தைத் தாண்டவேண்டாம், 500 கிராமுக்கு 15 கிராம். பட்டைத் தைலமும் கிராம்புத் தைலமும் இயற்கைதான், ஆனால் தோலில் எரியும், அவற்றைத் தொடக்கத்தில் தொடாதீர்கள்.

சோப் பேஸ் என்று கட்டியாக வாங்கி, உருக்கி, நிறம் கலந்து ஊற்றுகிறார்களே, அது குழந்தைகளோடு சேர்ந்து செய்ய அருமையான பொழுதுபோக்கு. ஆனால் அந்த பேஸும் ஆலையில் காரம் சேர்த்துச் செய்யப்பட்டதுதான். "காஸ்டிக் சோடா போடாமல் செய்தேன்" என்று காட்டப்படும் செய்முறைகள் பலவும் இதுதான்.

செய்யும் நாள்

கண்ணைக் காக்கும் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். குழந்தைகளும் பூனை நாயும் வேறு அறையில் இருக்கட்டும். பாத்திரம் எவர்சில்வர் மட்டும். இண்டாலியம் சட்டி, அலுமினியப் பாத்திரம் எதுவும் கூடாது. காரம் அலுமினியத்தை அரிக்கும், பொங்கும், எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காஸ்டிக் சோடாவும் தூயதாக இருக்கவேண்டும். சாக்கடை அடைப்பு நீக்கும் கலவைத் தூள்களில் வேறு பொருட்களும் கலந்திருக்கலாம், அவை வேண்டாம். வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், ஈரத்தை இழுத்துக்கொண்டால் எடையும் கணக்கும் பொய்யாகும்.

தண்ணீரில்தான் காரத்தைப் போடவேண்டும், காரத்தின்மேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக்கூடாது. ஊற்றினால் ஒரே இடத்தில் கொதித்துத் தெறிக்கும். 150 கிராம் சுத்தமான தண்ணீரில், போர் தண்ணீர் வேண்டாம், 75 கிராம் காரத்தைத் தூவித் தூவிக் கிளறுங்கள். தண்ணீர் பால்போல் கலங்கும், அடுப்பே இல்லாமல் 80 டிகிரிக்கு மேல் சூடேறும், மூக்கை அரிக்கும் ஆவி வரும். அதனால் மொட்டை மாடியிலோ திறந்த ஜன்னல் பக்கத்திலோ வைத்துச் செய்யுங்கள். கொஞ்ச நேரத்தில் கலங்கல் தெளிந்துவிடும். அப்படியே 40 டிகிரி வரை ஆறட்டும்.

கையில் பட்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் காட்டுங்கள். வினிகரோ எலுமிச்சையோ தேய்க்காதீர்கள், அந்த வினையே மேலும் சூடு கிளப்பும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேராக மருத்துவமனை.

எண்ணெய்களும் அதே சூட்டில் இருக்கும்போது காரநீரை மெதுவாக ஊற்றி ஹேண்ட் பிளெண்டரால் விட்டு விட்டு அடியுங்கள். தெளிவாக இருந்த எண்ணெய் வெளுத்துத் திரளும். பிளெண்டரை நிறுத்தித் தூக்கி ஒழுகவிட்டால், விழுந்த கோடு உடனே கரையாமல் மேலே ஒரு கணம் நின்று பிறகு அமிழும். இந்தக் கட்டத்துக்கு டிரேஸ் என்று பெயர். எண்ணெயும் காரநீரும் இனிப் பிரியாது என்பதற்கு அது அடையாளம். வாசனையை இப்போது சேர்த்து, அச்சில் ஊற்றி, ஒரு துணியால் மூடி வையுங்கள். ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் கழித்துக் கையுறையோடு எடுத்து வில்லைகளாக வெட்டலாம்.

மஞ்சள் கறை காட்டும் உண்மை

சாம்பார் கொட்டிய வெள்ளைச் சட்டையில் சோப்பைத் தேய்த்தால் மஞ்சள் கறை சட்டென்று சிவக்குமே, பார்த்திருப்பீர்கள். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் சிவக்க வைப்பதும் இதே வினைதான், மஞ்சள் காரத்தில் சிவக்கும். அப்படியென்றால் கடைச் சோப்பு, வீட்டுச் சோப்பு இரண்டுமே காரத்தன்மை கொண்டவைதானே? ஆமாம். அமில, காரத் தன்மையை அளக்கும் எண்ணுக்குப் பிஎச் என்று பெயர், 7 நடுநிலை, அதற்கு மேல் காரம். நல்ல சோப்பின் பிஎச் 9, 10 என்று இருக்கும். அது காஸ்டிக் சோடா மிச்சம் என்று பொருளல்ல, சோப்பின் இயல்பே அது. 5.5 பிஎச் என்று விற்கும் கட்டிகள் வேறு வகைச் சுத்திகரிப்பான்களால் ஆனவை. எண்ணெயில் செய்த சோப்பை அந்த அளவுக்கு இறக்கினால் அது மறுபடி கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும். அதனால் மஞ்சளை வைத்து வீட்டுச் சோப்பைச் சோதிக்கலாம் என்பதை நம்பாதீர்கள், நல்ல சோப்பிலும் அது சிவக்கும்.

போர் தண்ணீரில் நுரைக்கவில்லை, பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறது என்றாலும் அது உங்கள் சோப்பின் குறையல்ல. தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகின்றன. தேங்காய் எண்ணெய் அதிகம் சேர்த்தால் கடினமான தண்ணீரிலும் கொஞ்சம் நன்றாக நுரைக்கும், ஆனால் தோல் வறளும். இரண்டுக்கும் நடுவே உங்கள் ஊர்த் தண்ணீருக்கு ஏற்ப நீங்கள்தான் தேடிப் பிடிக்கவேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

நாலு வாரம், ஆறு வாரம் எதற்கு?

வெட்டிய வில்லைகளைக் காற்றாட 4 முதல் 6 வாரம் வைக்கச் சொல்வார்கள், அதற்கு க்யூரிங் என்று பெயர். காரம் போவதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு என்று பலர் நினைக்கிறார்கள். காரம் பெரும்பாலும் முதல் ஓரிரு நாளிலேயே எண்ணெயோடு சேர்ந்து முடிந்துவிடும். கணக்கில் கூடுதலாகப் போட்ட காரம் ஆறு வாரம் வைத்தாலும் போகாது, அதை நம்பித் தப்பான சோப்பை எடுத்துவைக்காதீர்கள். இந்த வாரங்களில் போவது தண்ணீர். தண்ணீர் போகப் போக கட்டி இறுகும், சீக்கிரம் கரையாது, நுரையும் குணமும் மேம்படும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்தால் இன்னும் நாளாகும். உள்ளே இருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால் மேலே வியர்த்தது போலத் துளிகள்கூட நிற்கலாம், அது கெட்டுப்போனதல்ல. வில்லைகள் ஒன்றையொன்று தொடாமல், வெயில் படாத அலமாரியில், அடியிலும் காற்று போகும்படி பிரம்புத் தட்டில் அடுக்குங்கள். எத்தனை வாரம் என்று நாள்காட்டியைப் பார்ப்பதைவிட, ஒரு வில்லையை மட்டும் அடையாளம் வைத்து வாரம் ஒருமுறை அதே தராசில் நிறுத்துக் குறித்து வாருங்கள். முதல் வாரங்களில் எடை கண்ணுக்குத் தெரிய இறங்கும், பிறகு மெதுவாகும். நாலு வாரம் கடந்து, அடுத்தடுத்த இரண்டு வாரம் ஒரே எடை காட்டினால் எடுத்துக் குளிக்கலாம்.